திறக்காத கொக்கி

சிரிக்கிறவர்கள் முதலிலேயே சிரித்துவிடுங்கள். இது நடந்தது. 2012 செப்டம்பர் 15, சனிக்கிழமை, அமாவாசை. மத்தியானம் 2 மணி 40 நிமிடம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டுப் பக்கம், பூவரசனின் மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை உடைக்கிற மில்லில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

பூவரசனுக்கு வாட்ச் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை. 1993இல் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டுக்காரர் கையில் இருந்த தங்க வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்து, திண்டிவனத்தைக் கோட்டைவிட்டுச் செங்கல்பட்டில் போய் இறங்கியவன். அன்றைக்குப் பிடித்தது. மில்லில் வந்த லாபமெல்லாம் ஸ்விஸ் வாட்சாக மாறி பீரோவில் போய் உட்கார்ந்தது. மொத்தம் இருபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்பான். "மொதலாளிகிட்ட மணி கேட்டா இருபத்து மூணு பதில் வரும்" என்று மில் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அதிலும் பெருமைதான்.

இருபத்து நான்காவது, செப்டம்பர் 2ஆம் தேதி, பாண்டிச்சேரி புரோக்கர் ஒருவன் மூலம் வந்தது. பழைய தங்க வாட்ச், தங்கச் செயின். ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினாலே ஓடும். செயினில் இருபது கண்ணி. ஒரே ஒரு குறை. கொக்கி திறக்கவில்லை.

அன்றைக்கே விழுப்புரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனுவாசனிடம் கொண்டுபோனான். சீனுவாசனும் அதே ஜாதி. நல்ல வாட்சைக் கண்டால் சோறு மறந்துவிடும். பின்மூடியைத் திறந்து லென்சில் பார்த்தான். கொக்கியை நெம்பிப் பார்த்தான். பிறகு செயினுக்குள் தன் கையை நுழைத்தான். விரல் முட்டியோடு நின்றுவிட்டது.

"அண்ணா... கொக்கி தொறந்த அடையாளமே இல்ல. கண்ணியில பின்னு தட்டின அடையாளமும் இல்ல. கை நுழையவும் மாட்டேங்குது. அப்ப போட்டிருந்தவன் கையில இருந்து இத எப்டி எடுத்தாங்க?"

"அது நமக்கு இன்னாத்துக்குடா? ஒரு பின்னைத் தட்டி எடு. போட்டுக்கினு போறேன்."

"ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்கண்ணா. எண்ணெயில ஊறப்போட்டுப் பாக்குறேன்."

இரண்டு நாள் பொறுக்க பூவரசனால் ஆகுமா? பின்னைத் தட்டி, மணிக்கட்டில் சுற்றி, திரும்பவும் பின்னை அடித்தாயிற்று.

நாலாம் நாள் செயின் இறுகின மாதிரி இருந்தது. எண்ணிப் பார்த்தான். பத்தொன்பது கண்ணி. முதலில் தப்பாக எண்ணியிருப்போம் என்று விட்டுவிட்டான்.

எட்டாம் நாள்... பதினெட்டு. பின்னைத் தட்டினால் அசையவில்லை. மணிக்கட்டில் சிவப்பாக ஐந்து தடம். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று. யாரோ இறுக்கிப் பிடித்த கை.

மனைவி கலைமதி கம்பி வெட்டும் குறட்டோடு வந்தாள்.

"கை ஊதிக்கினே போவுதுங்க. வெட்டிடலாம்."

"ஒரிஜினல் செயினுடி. ஒரு வெட்டு பட்டா வாட்சே செத்துடும்."

"கை செத்தா?"

 வாட்ச் சேர்ப்பவர்களின் வியாதி அது. கை வீங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் செயினில் கீறல் விழுவதை நினைத்தால்தான் நெஞ்சு பதறியது.

15ஆம் தேதி. ஆட்கள் எல்லாரும் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். 12 மணிக்குப் போன கரண்ட் 3 மணிக்குத்தான் வரும். அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூவரசன் தனியாக உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

2.31. டிக்... டிக்... வாட்ச் சத்தம் மில் முழுக்கக் கேட்டது.

2.35. இடது கை தானாக எழுந்தது.

2.37. தடக்... தடக்... தடக்...

மல்லாட்டை உடைக்கிற மெஷின் சுற்றியது. கரண்ட் இல்லை. மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

யாரோ மணிக்கட்டைப் பிடித்து மெஷின் பக்கம் இழுத்தார்கள். ஆள் இல்லை. பிடி மட்டும் இருந்தது. வலது கையால் தூணைக் கட்டிக்கொண்டான். நகம் பிய்ந்தது. தோள்பட்டை மளுக்கென்றது.

சாப்பாடு கொண்டுவந்த கலைமதி பார்த்துவிட்டாள். சுவரில் தொங்கிய குறட்டோடு ஓடிவந்தாள். செயினில் குறட்டை வைத்தாள்.

அந்த நேரத்திலும்... தூணை விட்ட வலது கை, அவளைப் பிடித்துத் தள்ளியது.

அது பேய் இல்லை. பூவரசனே பிற்பாடு ஒத்துக்கொண்டான்.

2.40. மெஷின் பெல்ட் கையை வாங்கிக்கொண்டது.

எலும்பு நொறுங்கியது.

ரத்தம் மல்லாட்டைத் தொட்டி மேல் அடித்தது.

மெஷின் நின்றது.

தரையில் வாட்ச் கிடந்தது. கொக்கி பூட்டியபடி. இருபது கண்ணியும் முழுசாக. டிக்... டிக்...

ஆறு நாள் கழித்து சீனுவாசன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாட்சைப் பூவரசன் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று கலைமதி அவனிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள்.

"அண்ணா, ரிப்பேர் பண்றவங்க பின்மூடி உள்பக்கம் தேதி கீறி வைப்பாங்கல்ல? நீங்க கொண்டாந்த அன்னைக்கே நாலு தேதி இருந்துச்சு. கடைசித் தேதி 15.9.2012. எவனோ தப்பாக் கீறிட்டான்னு விட்டுட்டேன்."

பூவரசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"இப்ப அஞ்சு இருக்குதுண்ணா."

"அஞ்சாவது என்னைக்கு?"

 வந்ததிலிருந்து சீனுவாசனின் இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

"கைய வெளிய எடுடா."

எடுத்தான். தங்கம் மின்னியது.

"பின்னத் தட்டி ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்னுதாண்ணா..."

பூவரசனுக்குப் பயம் வரவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. கட்டுப்போட்ட மொட்டைக் கையை அவன் பக்கம் நீட்டினான்.

"அது என்னுது. கழட்டிக் குடுத்துடு."

சீனுவாசன் கழட்டத்தான் பார்த்தான். செயினில் பத்தொன்பது கண்ணிதான் இருந்தது.