பொன்செல்வி போடாத முடிச்சு

தம்பி கல்யாணத்தில் பொன்செல்வி செய்த காரியத்தை வடகரையில் யாரும் அவள் முகத்துக்கு நேராகப் பேசுவதில்லை. பேசவும் வேண்டாம். கல்யாண ஆல்பம் என்று யாராவது வாயெடுத்தாலே போதும், பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினோரு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு எண்ணூறு பீடி. நூல் தளர்ந்த பீடியைக் கம்பெனிக் கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள். அவள் கொண்டுபோகும் தட்டில் கழிக்க ஒன்றும் இருக்காது. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி முத்துராஜுக்கு எட்டு வயது. அவனைப் படிக்க வைத்ததும், தென்காசியில் ஒரு பைக் ஷோரூமில் வேலைக்குச் சேருகிற அளவுக்கு ஆளாக்கியதும் இந்தக் கைதான். இதையெல்லாம் சொல்லாமல் அவளைத் திட்டினால் பாவம். சொல்லிவிட்டுத் திட்டலாம்.

முத்துராஜுக்கு முப்பத்து மூன்று வயதில்தான் பெண் அமைந்தது. இலஞ்சிப் பெண், பெயர் நிவேதா. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்றிலிருந்து பொன்செல்விக்குத் தரையில் கால் பாவவில்லை.

கல்யாணம் என்றால் ஆளுக்கு ஒரு வேலை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுப்பான். பெண்ணுடைய தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டு மோதிரம் வாங்கிக்கொள்வான். தோழன் குடை பிடிப்பான். இவர்களில் யார் கோட்டை விட்டாலும் சிரித்துவிட்டுப் போகலாம். நாத்தனார் வேலை அப்படி இல்லை. மாப்பிள்ளை போடுவது ஒரே ஒரு முடிச்சு. அதையும் கை நடுக்கத்தில் பேருக்குத்தான் போடுவான். மிச்சம் இரண்டையும் இறுக்கிப் போடவேண்டியவள் அவனோடு பிறந்தவள். தாலி கழுத்தில் நிற்பதே அவள் கையில்தான்.

பொன்செல்விக்கு இது தெரியாமல் இல்லை. அவள் ஆசை வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய கல்யாணத்தில் எடுத்ததாக வீட்டில் ஒரே ஒரு நல்ல போட்டோ உண்டு. அதில் அவள் தலை குனிந்திருக்கிறாள். வகிடு மட்டும்தான் தெரியும். பின்னால் நின்று முடிச்சுப் போடுகிற நாத்தனாரின் முகம் நிலா மாதிரி விழுந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "இது யாரு, லட்சணமா இருக்காளே" என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஒரு முள் வளர்ந்திருந்தது.

அந்த முள் முதலில் சேலையில் குத்தியது. பெண் வீட்டார் நாத்தனாருக்கென்று எடுத்துக் கொடுத்த சேலையை, "இது வீடு தொடைக்கக்கூட ஆவாது" என்று திருப்பி அனுப்பினாள். நிவேதாவின் அம்மா இசக்கிச்செல்வி மறுபடியும் தென்காசிக்குப் போய், பச்சைக் கரை போட்ட சிவப்புப் பட்டு எடுத்துவந்து கொடுத்தாள்.

வைகாசிக் கடைசி. சாரல் தொடங்கிவிட்டது. இலஞ்சியில் மண்டபம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சாப்பிட்ட கையோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போகத் தோளில் துண்டோடு வந்திருந்தார்கள். அம்மா ஸ்தானத்தில் மேடையில் உட்காரச் சித்தி முப்பிடாதியம்மாள் வந்திருந்தாள். பொன்செல்வி விடிந்ததும் செய்த முதல் வேலை, போட்டோ எடுக்கிற புவனேஷைப் பிடித்ததுதான்.

"தம்பி, முடிச்சுப் போடுதப்ப என் மூஞ்சி நல்லா விழணும், கேட்டியா. முதுகை எடுத்து வச்சிராத."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா. நான் சொல்லும்போது ஏறிட்டுப் பாருங்க, போதும்."

மேளம் உச்சத்துக்குப் போனது. முத்துராஜ் வேர்த்து விறுவிறுத்து ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். பொன்செல்வி மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தாள்.

"அக்கா, அப்படியே பிடிங்க. குனியாதீங்க. இங்கன பாருங்க, சிரிங்க."

சிரித்தாள். முகத்தில் அட்சதை வந்து விழுந்தது. அதற்கும் சிரித்தாள்.

"இன்னொண்ணு. லேசா இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினாள். அதற்குள் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். தோழிப்பெண் மாலையைச் சரிசெய்ய வந்தாள். கூட்டம் மேடையில் ஏறிவிட்டது. கயிற்று நுனிகள் மல்லிகைப் பூவுக்கு அடியில் நழுவிப் போயின. பொன்செல்வி பெண்ணின் பிடரியைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தாள். நாளெல்லாம் நூல் கட்டுகிற கை, கட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டது.

முதல் பந்தி உட்கார்ந்ததும் புவனேஷிடம் போய் நின்றாள். "காட்டு, பாப்போம்."

கேமராவின் சின்னத் திரையில் அவள் முகம் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்து முள் விழுந்தது. அப்புறம் கண் கீழே இறங்கியது. அவள் விரல்களில் கயிற்றின் இரண்டு நுனிகள், ஒன்றோடொன்று சேராமல், இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்று.

"அடுத்ததைக் காட்டு."

அதிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. ஐந்து படம். ஐந்திலும் முகம் சிரித்தது, கயிறு திறந்து கிடந்தது.

"ஏன்க்கா, நல்லா வரலையா?"

"வந்திருக்கு."

பெண் இருந்த அறை இருபது அடி தூரம்தான். போய்ப் பூவை விலக்கி இரண்டு முடிச்சுப் போட ஒரு நிமிஷம் ஆகுமா? வாசல்வரை போனாள். உள்ளே இசக்கிச்செல்வி மகளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் எடுத்த சேலையைத் திருப்பி அனுப்பினாளோ, அந்த அம்மாவிடமே, 'முடிச்சுப் போடாமல் போட்டோவுக்கு நின்றுவிட்டேன்' என்று எப்படிச் சொல்வது? ஒரு முடிச்சே நிற்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரும்பி வந்து பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு, "இங்கன பாயசம் வந்துட்டா?" என்று பந்தி விசாரிக்கப் போய்விட்டாள். மறதியை மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

கடைசிப் பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிவேதா இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வலது கையால் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டான்.

"என்ன தங்கச்சி, தாலிய யாரும் களவாண்டுட்டுப் போயிர மாட்டாவ. கைய எடுத்துட்டு எங்க முத்துராஜுக்கு ஒரு லட்டு ஊட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நிவேதா மாட்டேன் என்று தலையாட்டிப் பார்த்தாள். விடவில்லை. கடைசியில் ஒரு கையில் லட்டும், உதிராமல் இருக்க அதற்கடியில் இன்னொரு கையுமாகத் திரும்பிக் குனிந்தாள். மஞ்சள் வழுக்கலில் முடிச்சு இளகி, தாலி இலையில், சாம்பார் சோற்றில் விழுந்தது.

அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"முருகா" என்றாள் முப்பிடாதியம்மாள். "கட்டுன அன்னைக்கே எறங்குதே. இந்தப் பிள்ள ராசியப் பாரு."

இசக்கிச்செல்வி சாம்பார் வாளியோடு நின்றாள். "ஜாதகம் எல்லாம் பாத்துத்தான செஞ்சோம் மைனி."

"ஜாதகத்துல எதை மறைச்சியளோ, யாரு கண்டா."

நிவேதா தாலியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். நிமிர்ந்து பொன்செல்வியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். முத்துராஜ், "நான் நல்லாத்தான் சித்தி போட்டேன்" என்று முனகினான். கூட்டாளிகள் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

சித்தி விடவில்லை. "கோயில்ல போயிப் பரிகாரம் கேக்கணும். கேட்டுச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் பிள்ள அவங்க வீட்டுலயே கெடக்கட்டும். இப்பிடி ஒண்ணை நம்ம நடையேத்த முடியாது."

இசக்கிச்செல்வி வாளியைக் கீழே வைத்தாள். கை கழுவக்கூட இல்லை. முப்பிடாதியம்மாளின் காலைத் தொடக் குனிந்தாள்.

அந்தக் குனிவைத்தான் பொன்செல்வியால் பார்க்க முடியவில்லை.

"முடிச்சு நான் போடலை" என்றாள்.

"என்னட்டி ஒளறுத?"

"போடலை சித்தி. அவன் போட்ட ஒத்த முடிச்சுதான் கெடந்தது. நான் போட்டோவுக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நின்னுட்டேன். சந்தேகம்னா அந்தத் தம்பி கேமராவப் பாரு, அதுல இருக்கு."

முத்துராஜ் அவளுக்கு ஒரு வழி விட்டான். "மறந்துட்டியாக்கா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "மறந்துதான்டே போச்சு. ஆனா பந்திக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். சொல்லலை."

பின்னால் எவளோ, "எண்ணூறு பீடிக்கு நூல் கட்டுத கையி" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்செல்விக்கு அந்தப் பட்டு உடம்பெல்லாம் அரித்தது.

அப்போதுதான் நிவேதா வாயைத் திறந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் மைனி. பின்னால ஒங்க கை அப்படியே நின்னுட்டு. கூட்டத்துல கேட்டா ஒங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னுதான் கேக்கலை. ரூம்ல போயி முடிஞ்சுக்கிடலாம்னு பாத்தேன், அம்மா நகரவே இல்லை. அதான் கையை எடுக்காமலே இருந்தேன். ஊட்டச் சொன்னாவ, எடுத்துட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள். இத்தனை நேரம் பொன்செல்வியின் மானத்தையும் சேர்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தவள், ராசி கெட்டவள் என்று பேர் வாங்கும்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பொன்செல்விக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாயச வாளியைப் பார்த்தாள்.

தாலியை மறுபடி கட்டினார்கள். மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், பாதியில் எழுந்து வந்து வாசித்தார்கள். முத்துராஜ் அக்காவைப் பார்க்காமல், "வேல்விழி, நீ வா" என்று சித்தி மகளைக் கூப்பிட்டான். வேல்விழி வந்து இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். பொன்செல்வி கையில் விளக்கைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றாள். புவனேஷ் படம் எடுத்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

முப்பிடாதியம்மாள் இசக்கிச்செல்வியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்பதும் இல்லை. பெண்ணை அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள், அதுதான் நடந்தது.

பிறகு பொன்செல்வி தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆல்பம் வந்திருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள், பீடிக் கணக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். தன் கல்யாணப் போட்டோவையும் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டாள்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்தது. தாலியைப் பிரித்துப் புதுக்கயிற்றில் கோர்த்துக் கட்ட நாள் பார்த்தார்கள். அன்றைக்குக் காலையில் நிவேதாவே வடகரைக்கு வந்து பீடித்தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தாலி கோர்த்த புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டு, நுனிகளைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"போடுங்க மைனி."

"வேல்விழி இல்லையா?"

"வேல்விழி ஒங்க தம்பிகூடப் பொறந்தவளா?"

பொன்செல்வி கையிலிருந்த தூளை முந்தானையில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தது போதாதென்று எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால்தானே உட்கார வேண்டும், அந்தமட்டுக்கும் நல்லது. ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டு. மூன்று. இழுத்துப் பார்த்தாள். நான்காவது போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவதும் போட்டாள்.

"மைனி, கழுத்து நெரியுது."

பிடியைத் தளர்த்தினாள். ஆனால் நுனியை விடவில்லை.