நான் மாவு வைத்த ஓட்டை

யூசுப் அண்ணே, ஒன்பது வருடமாக உன்னைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுத்தான். சொன்ன பேச்சைக் கேட்காமல் ஈயத்தை வைத்தான், போய்ச் சேர்ந்தான் என்கிறார்கள். நான் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அண்ணனுக்குப் பதினேழு. கோவில்பட்டியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர். யாரோ சின்னதாக நீராவி இஞ்சின் செய்ததை அண்ணன் போனில் பார்த்துவிட்டான். அதே மாதிரி ஒன்று செய்து, எனக்கு ஒரு தகர ராட்டினத்தைச் சுற்றவிடுவதாகச் சொன்னான். நான் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பெருமையடித்து வைத்தேன்.

தண்ணீர் கொதிக்கிற பாய்லருக்கு முதலில் ஒரு பெயிண்ட் டப்பாவை எடுத்தான். நான் சோறு கொண்டுபோயிருந்த நேரம், பட்டறை அண்ணாச்சி அதைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

"டப்பாவுலயால ஆவிய அடைப்பாக? செம்புக் குழாய வெட்டுல. ரெண்டு மூடியும் செம்பே போடு. ஒட்டுக்கு மட்டும் ஈயம் வைக்காத, வெள்ளி கலந்த பத்தை உருக்கி வையி. ஈயம் இளகிரும்."

"எங்க அத்தா பிரியாணி ஆக்குற செம்புத் தேக்சாவுக்கு உள்ள பூராம் ஈயந்தான் அண்ணாச்சி. நெருப்பு மேலதான நிக்கி?"

"அது சட்டி, லே. இது வெடி."

பட்டறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். ஆனாலும் தேக்சாவுக்குப் பூசி மிஞ்சிக் கிடந்த ஈயத்தைத்தான் உருக்கி வைத்தான். குழாயின் மேலே ஒரு ஓட்டை போட்டு, அதன்மேல் சின்ன மூடி ஒன்றை ஒரு இரும்பு நட்டின் கனத்தால் அழுத்தி வைத்தான். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அத்தா விளாத்திகுளத்துக் கல்யாணத்துக்கு ஆக்கப் போயிருந்தார். முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து, கரி போட்டு, பாய்லரை ஏற்றினான். பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஏட்டி, ஒங்கண்ணன் ராட்டினம் சுத்துமா, அவந்தான் சுத்துவானா?"

ராட்டினம் நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஓட்டையில் மட்டும் உஸ்ஸென்று ஆவி போனது. அண்ணன் ராட்டினத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று உள்ளே போனான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

ஆவி வீணாகப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தம் போடும்போது அத்தா தேக்சா மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டுவார். மேலே கனமாக எதையாவது ஏற்றுவார். ஆவி போனால் எல்லாம் போச்சு என்பார். அம்மா ரொட்டிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை எடுத்தேன். ஓட்டையில் அந்தச் சின்ன மூடியைச் சுற்றி அப்பி, அத்தாவின் அரைக் கிலோப் படிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. ராட்டினம் சுற்றியது, அவ்வளவு வேகமாக. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்து பார்த்தான். கிண்ணம் கீழே விழுந்தது.

"ஏட்டி, தள்ளிப் போ! எல்லாரும் ஓடுங்கல!"

என் தோளைப் பிடித்து அப்படியே முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய தேக்சாவுக்குப் பின்னால் தள்ளினான். நான் குப்புற விழுந்தேன், முழங்கை கிழிந்தது. ஒரு நாளும் என்மேல் கை வைக்காதவன். அடித்துவிட்டானே என்று ஆங்காரமாக அழுதேன். அவன் படிக்கல்லைத் தட்டிவிடக் குனிந்திருக்கிறான். சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

குழாயின் மூடி அவன் நெஞ்சில் அடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் தேக்சாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, அவன் வந்ததும் பேசவே கூடாது என்று முடிவு செய்துகொண்டிருந்தேன்.

இளகிப்போன ஈயத்தைக் காட்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "அன்னைக்கே சொன்னேனே." அத்தா அதன்பிறகு செம்புத் தேக்சாவைத் தொடவில்லை. சிதறிய மாவை யாரும் கவனிக்கவில்லை. ரொட்டி மாவு என்று அம்மா கூட்டித் தள்ளினாள்.

ஈயம் தப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டையை அவன் சரியாகத்தான் விட்டிருந்தான். ஆவி போவதற்கென்றே விட்ட வழி அது. எனக்குத் தெரியவில்லை. அந்தத் தள்ளல் அடியில்லை என்பதும் தெரியவில்லை.

படிக்கிறவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், என் அண்ணன் யூசுப்புக்காக ஒரு நிமிடம் கையேந்துங்கள். சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தான் என்று இனிமேல் சொல்லாதீர்கள்.