செட்டிங்கை அழித்துவிட்டு ஓட்டியவர்

ஆம்பூரில் ஸ்டியரிங், பெடலோடு கம்ப்யூட்டர் கார் ரேஸ் ஓட்டும் கடையில் ஞாயிறுதோறும் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். கறுப்பு புர்கா, எதற்கும் சிரிக்காத முகம். சீட்டில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு, நான் மெனக்கெட்டு மாற்றிவைத்த டயர் காற்று, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் அழித்துவிட்டு ஓட்டுவார். யார் வேகம் என்று காட்டும் பலகையில் முதலிடம் எப்போதும் அவருக்குத்தான்.

நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் செய்கிறவன். ஷூ கடிக்கிறது என்றால் ஷூவைத்தான் திருத்துவோம். நடையை மாற்றிக்கொள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "இன்னாம்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டியே?"

"வண்டி மேல தப்பில்லண்ணா. வளைவுல பிரேக்க டபக்குனு வுட்டுர்றீங்க, அதான் திரும்பாம நேரா போவுது. கொஞ்சம் கொஞ்சமா வுடுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் அழித்துவைத்த வண்டியிலேயே வாரக்கணக்கில் பழகினேன், செருப்பைக் கழற்றிவிட்டு. ஒரு ஞாயிறு, கடைசி வளைவில் பிரேக்கிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தேன். வண்டி கோடு போட்டதுபோலத் திரும்பியது. பலகையில் என் பெயர் அவருக்கு மேலே ஏறியது! கடையே கத்தியது.

அவர் கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இப்ப வண்டில கை வைக்கலாம்ண்ணா."

அடுத்த ஞாயிறு நான் போனபோது, அவர் எனக்கு முன்பே வந்து, முதல்முறையாக டயர் காற்றை மாற்றிக்கொண்டிருந்தார்.