முட்டுக் கொடுத்த குழாய்

காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் ஓர் உறுமல், பிறகு இரும்பு வாடை, அதன் பிறகுதான் பால் கலக்காத தேநீர் நிறத்தில் தண்ணீர்; லூபோக் சீனாவுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பொழுது இந்த வரிசையில்தான் விடிந்தது.

தோட்டம் கைமாறியிருந்தது. மாற்று வீடு தருவதாகச் சொன்ன புதிய நிர்வாகம், அதைக் கட்டாமலேயே லயத்தைக் காலி செய்யச் சொன்னது. யாரும் அசையவில்லை. உடனே, பின்சுவரையொட்டி ஓடிய குழாயைப் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள். தண்ணீர் நின்றால் நாங்களாகவே போய்விடுவோம் என்று நினைப்பு. பால்மரம் சீவும் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக அறுத்து ஓட்டைகளின்மேல் இறுக்கிச் சுற்றினார்கள். சுவராணி கழன்று குழாய் தொங்கிய இடங்களில், குலை தள்ளிய வாழைக்கு வைப்பதுபோல், கவைக்கம்பு நட்டு "முட்டு" கொடுத்தார்கள். உள்ளே இரும்பு அரித்துப்போய் மேல்பொருக்கு மட்டுமே மிஞ்சியிருந்ததால், பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை: "துருவச் சொரண்டாத! அதுதான் பைப்ப புடிச்சிக்கிட்டு இருக்கு."

ஒரு நாள் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, வெள்ளைக் கால்சட்டையும் குடையுமாக வந்து நின்றார்.

"என்னம்மா, பைப்பு குலை தள்ளிருக்கா? இவ்ளோ கம்பு நட்டிருக்கீங்க!"

"ஆமாங்கையா. பழுத்ததும் ஆபீசுக்கு ஒரு சீப்பு அனுப்புறோம்," என்றார் அம்மா.

பெண்கள் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "இது செத்த பைப்புலா, பாருங்க," என்று குடை நுனியால் ஓங்கித் தட்டினார். பொருக்கு உதிர்ந்து, தண்ணீர் பீறிட்டு, அவருடைய கால்சட்டை இடுப்புவரை தேநீர் நிறமானது.

அம்மா பதறவில்லை. "இத்தன நாளு நாங்க ஒடையாம வச்சிருந்தோம். ஒடச்சது நீங்க. லயமே பாத்துச்சி. மாத்திக் குடுத்துட்டுப் போங்கையா."

வாளிகளோடு பெண்கள் வழியை அடைத்து நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் புதுக் குழாய்த்துண்டு ஒன்று வந்து சேர்ந்தது. துருவேறிய நீளத்தின் நடுவே அது மட்டும் பளபளத்துக்கொண்டிருக்க, மாற்று வீடு கட்டி முடியும்வரை நாங்கள் நகரவில்லை.

இன்று அந்த லயம் இல்லை, செம்பனை நிற்கிறது. பின்சுவர் இருந்த இடத்தைக்கூட என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. கிளம்பும்போது அம்மா கழற்றி எடுத்துவந்த அந்தப் புதுக் குழாய்த்துண்டில் மட்டும், புக்கிட் ரம்பாயில் என் அடுக்குமாடி வீட்டில், துணி காய்கிறது.

இந்தக் கட்டடத்துக்கும் வயதாகிவிட்டது. நடைபாதைக்கு மேலே ஓடும் பொதுக்குழாய் துருவேறித் தொங்க, நாங்கள் டியூப் சுற்றி முட்டுக் கொடுத்திருக்கிறோம். சென்ற வாரம் பராமரிப்பு அலுவலகத்து இளைஞர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் நல்லா தாங்கும் ஆன்ட்டி. மாத்தத் தேவையில்லலா."

உள்ளே போய் என் குடையை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன்.

"அப்படியா தம்பி? அடியில நின்னு ஒரு தட்டு தட்டிப் பாருங்க."