நீர்க்காக்கை நட்ட பவளம்

மூச்சடக்கி முங்கும் என் மனைவியை ஊரில் நீர்க்காக்கை என்பார்கள். எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, செத்துக் கிடந்த பாறைத் திட்டில் முதல் பவளத் துண்டை நட்டவள் அவள். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பவளமும் கட்டில் அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புது அதிகாரி வந்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். பவளத்தில் புது எண் வில்லையைக் கட்டி, முதலிலிருந்து அளக்கச் சொல்வார்.

இந்த முறை எங்கள் படகில் ஏறி வந்தவர் நான்காமவர்.

"பழைய வில்லையெல்லாம் அறுத்துடுங்கம்மா. இன்னையிலிருந்துதான் கணக்கு."

"பெத்தவகிட்டயே வந்து, உன் பிள்ளை இன்னைக்குத்தான் பொறந்துச்சுன்னு சொல்றீங்களே சார்!" என்று பொரிந்துவிட்டு அவள் கடலில் குதித்தாள். நான் படகைப் பிடித்து நிறுத்தியிருந்தேன்.

மேலே வந்ததும் இரண்டு வில்லைகளை அவர் காலடியில் வீசினாள்.

"முதல்ல கட்டினதை அறுக்க முடியல சார். பவளம் அது மேலயே வளர்ந்து மூடிடுச்சு. எத்தனை வருசம் ஆகியிருக்கும்னு நீங்களே பார்த்துக்கங்க."

"அப்ப வெளியில தெரியலல்ல?" என்று கேட்ட அதிகாரி, 'பழைய அடையாளம் ஏதுமில்லை' என்று எழுதி, வயதுக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.