நாற்பத்தொன்றுக்கு வந்த பதில்

இது நிஜமாக நடந்தது. என் பெரியம்மா மகனுக்கு நடந்தது. வீட்டில் அவனை நெட்டை என்போம். பொய் சொல்லச் சொன்னால்கூடத் திக்கித் திணறி மாட்டிக்கொள்கிற ரகம். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் முன்பெல்லாம் கொட்டாவி விடுவான். இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறான்.

அவன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். வருடக்கணக்காகக் கத்திக் கத்திக் கரகரத்துப் போன குரல். எதைச் சொல்வதானாலும் முதலில் ஒரு செருமல் செருமுவார். அவர் தெருமுனையில் செருமினால் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் அடியோடு போய்விட்டது. பெரியம்மாவால் அவரைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. நெட்டை வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

வகுப்புக்கு வராத நாட்கள் கூடினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அலுவலகத்தில் காரணம் சொல்லி முறைப்படி விடுப்பு எடுக்கலாம், ஆனால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தை இழக்க அவனுக்கு மனமில்லை. மகன் வாங்கப்போகிற பட்டத்தைப் பற்றி அப்பா சந்தையில் பேசாத நாளே கிடையாது. அறைத் தோழன் ஒரு குறுக்கு வழி சொன்னான். ஆள் ஒல்லி, அதனால் குண்டூசி என்று பெயர்.

"நீ கிளம்பு. உன் நம்பரக் கூப்பிட்டா நான் ப்ராக்ஸி குடுத்துக்கறேன்."

"மாட்டிக்கிட்டா?"

"அந்த சார் என்னைக்குடா தலையத் தூக்கிப் பாத்திருக்கார்?"

உண்மைதான். ஒன்பதரை மணி வகுப்பு. பேராசிரியர் குனிந்தபடியே எண்களை மட்டும் கூப்பிடுவார். எவன் "எஸ் சார்" என்றாலும் குறித்துக்கொள்வார். நெட்டையின் எண் நாற்பத்தொன்று. வீட்டுக்கு வந்தவனை அப்பா கண்ணாலேயே கேள்வி கேட்டார். படிப்பைத்தான் கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா. நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டா யாராவது பதில் சொன்னாப் போதும்" என்றான்.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் குண்டூசி கூப்பிட்டான்.

"எப்படா வந்தே?"

"எங்க?"

"விளையாடாத. இன்னைக்கு நான் வாயத் திறக்கறதுக்குள்ள உன் நம்பருக்குப் பதில் வந்துச்சு. கடைசி பெஞ்சுலேர்ந்து."

எவனோ குறும்பு செய்கிறான் என்று நெட்டை சிரித்துவிட்டான். மறுநாளும் அதே கதை. திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் ஆளே இல்லையாம். எல்லோரும் "எஸ் சார்" என்கிற வகுப்பில் அந்தக் குரல் மட்டும் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னவோ சொல்கிறதாம். மூன்றாம் நாள் குண்டூசி அதைச் செல்போனில் பதிவு செய்து அனுப்பினான்.

நெட்டை கூடத்தில் நின்றபடி போட்டுக் கேட்டான். மின்விசிறியின் கடகட சத்தம். "நாற்பது." "எஸ் சார்." "நாற்பத்தொன்று."

ஒரு செருமல்...

"உள்ளேன் ஐயா."

சமையலறையிலிருந்து பெரியம்மா ஓடி வந்தாள். கையில் கரண்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சாடா?"

ஏதோ படத்தில் வருகிற குரல் என்று சமாளித்தான். அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஒன்பதரை. அவன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தான். வகுப்பிலிருந்த குண்டூசி தொடர்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நெட்டை அப்பாவுக்குக் கேட்காதபடி இயர்போன் மாட்டியிருந்தான்.

முப்பத்தொன்பது... நாற்பது...

அப்பா கண்ணைத் திறந்தார்.

"நாற்பத்தொன்று."

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. உதடு அசைந்தது.

அறையில் சத்தமே இல்லை.

காதுக்குள் மட்டும்...

"உள்ளேன் ஐயா."

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மூட்டை தூக்கியவர் போல மூச்சு வாங்கினார். பிறகு மதியம்வரை கண் திறக்கவில்லை. இது அவரைத் தின்றுவிடும் என்று நெட்டை பயந்தான். அன்றைக்கே பேருந்து ஏறினான். அலுவலகத்தில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குரலைப் பற்றி மட்டும் அவன் சொல்லவில்லை.

"இதுக்குத்தானே தம்பி விடுப்புன்னு ஒண்ணு இருக்கு? முதல்லயே வந்திருக்கக் கூடாதா? உன் இடம் எங்கயும் போகாது. நாளையிலேர்ந்து உன் நம்பரக் கூப்பிட மாட்டாங்க."

இவ்வளவுதானா என்று அவனுக்கு அழுகையே வந்தது. கடைசிப் பேருந்தில் வீடு சேர்ந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பெரியம்மா உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டான்.

விடிந்தது. வெயில் ஏறியும் அப்பா எழவில்லை.

"இன்னைக்காவது நல்லாத் தூங்கட்டும்" என்றாள் பெரியம்மா.

ஒன்பதே முக்காலுக்குக் குண்டூசி கூப்பிட்டான்.

"உன் நம்பரத் தாண்டிட்டார்டா. நாப்பது முடிஞ்சு நேரா நாப்பத்திரண்டு."

"சரி... அப்புறம்?"

"கடைசி பெஞ்சுல செருமல். அப்புறம்... 'நாப்பத்தொண்ண விட்டுட்டீங்க ஐயா'ன்னு..."

பேராசிரியர் தலையைத் தூக்கினாராம். காலி பெஞ்சைப் பார்த்து, "அந்தப் பையன் விடுப்புல இருக்கான். அடுத்த வருஷம் வந்துருவான்" என்றாராம்.

அதற்குப் பிறகு சத்தம் இல்லையாம்.

நெட்டை ஓடினான்.

அப்பாவிடம் குனிந்தான். கையைப் பிடித்தான்.

சில்லென்று இருந்தது.

மருத்துவர் வந்து பார்த்தார். விறைத்துப்போன விரல்களைத் தொட்டார். பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் கவனிக்கலையாம்மா? விடியறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சே."