ஒரு சொட்டு ஒழுகாத தொட்டி

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோ அலமாரியோ குளியலறைத் தடுப்போ, அவர் வெட்டினால் மயிரிழை பிசகாது. வேலையில் அவ்வளவு கறார். வீட்டில் மகள் முகம் வாடினால் மட்டும், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்துவிடுவார். சின்ன வயதில் அவள் வளர்த்த கோழிக்குஞ்சு செத்தபோது, அது தன் அம்மாவைத் தேடிப் போய்விட்டது என்று சாதித்த மனுஷன். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசுதான் கடைசியில் அவர் காலை வாரியது.

மகள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து மாதக்கணக்காகிவிட்டது. வயிற்றில் வந்த பிள்ளை இரண்டு முறையும் தங்கவில்லை. இவள் கைபட்டது எதுவும் உருப்படாது என்று மாமியார் ஒரு நாள் சொல்ல, புருஷன்காரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பேச்சும் கூடவே வந்துவிட்டது. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அவளுக்குக் கை நீளாது. நீ ஊத்தும்மா என்று அம்மாவிடம் சொம்பை நீட்டிவிடுவாள்.

அப்படிப்பட்டவள், பல் டாக்டரிடம் போய்வந்த அன்று, அங்கே தொட்டியில் பார்த்த மீன்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். நாமும் வளர்க்கலாமாப்பா என்று அவளாகவே கேட்டாள். கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் விற்பதெல்லாம் ஒரு தொட்டியா என்று தானே கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்தார். கையிருப்பிலிருந்த சிலிக்கான் பசையை மூலைகளில் இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்துவிட்டார். காய்ந்ததும் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மீன் கடைக்காரர் சொன்னபடியே எல்லாம் செய்தார்கள். கூழாங்கல்லை அலசிப் போட்டார்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்து மறுநாள் ஊற்றினார்கள். மீன் இல்லாமலே வடிகட்டி மோட்டாரை வாரக்கணக்கில் ஓடவிட்டார்கள். வெறும் தண்ணீரை வேடிக்கை பார்க்க அப்பனும் மகளும் நாற்காலி வேறு போட்டுக்கொள்கிறார்கள் என்று வீட்டுக்காரி கிண்டலடித்தாள். பிறகு ஒரு வழியாய்க் கப்பி மீன்கள் வந்தன. தீனி போடும் வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். அதைக் கதவோரம் நின்று பார்த்தபோது கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாளில் ஒன்று மல்லாந்து மிதந்தது. கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். சரிப்பா என்றாள். மறுபடி இரண்டு மிதந்தன. வெக்கை தாங்கவில்லை என்றார். அடுத்தது போனபோது, பகலில் கரண்ட் போய் மோட்டார் நின்றிருக்கும் என்றார். அன்றைக்குக் கரண்டே போகவில்லை. பகல் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். அதற்கும் சரிப்பா என்றுதான் சொன்னாள். ஆனால் அதன்பிறகு தீனியைத் தொடுமுன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள்.

என்ன செய்வார், பாவம்? தண்ணீரை மாற்றினார், கல்லை மாற்றினார், கடையையே மாற்றினார். தொட்டியின் மூலைகளை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுகாத மூலையை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த வாரம் ஒரு வீட்டில் குளியலறைக் கண்ணாடித் தடுப்பு வேலை. ஓரத்தில் பூஞ்சை பிடிக்குமா என்று அந்த வீட்டம்மா கேட்டாள். இதற்கு அவரிடம் வருஷக்கணக்காய்ச் சொல்லிப் பழகிய பதில் ஒன்று உண்டு. பசைக் குழலைத் தட்டிக்காட்டினார்.

"கவலையே படாதீங்கம்மா. இதுல மருந்து கலந்திருக்கு. இது ஊறுற தண்ணில ஒரு உசிரு தங்காது."

சொல்லி முடித்ததும் கையிலிருந்த குழலைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுத் தொட்டிக்கும் இதே பசைதான். சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

தொட்டியில் ஒரே ஒரு மீன் மிச்சமிருந்தது. அதைப் பிடித்து, நல்ல தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் வாளியில் விட்டார். மகளைக் கூப்பிட்டு, பசையில் மருந்து இருப்பதையும் அது தண்ணீரில் கசிந்திருப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பொய் சொன்னபோதெல்லாம் தடுமாறாத நாக்கு அன்றைக்குப் பார்த்துக் குழறியது.

"உன் கையில ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நான் செஞ்ச தப்பு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைக்காரர் ஏமாத்திட்டார்னீங்க. கரண்ட் போச்சுன்னீங்க. இப்போ உங்க தலையிலயே போட்டுக்கிறீங்களாப்பா?"

"இது நெஜம்மா."

"அப்போ மத்ததெல்லாம்?"

அவள் கோபப்படவில்லை. குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் சிரித்து, "சரிப்பா" என்றாள். அதே சரிப்பா. உள்ளே போய்த் தீனி டப்பாவை எடுத்து வந்தாள். வாளிப் பக்கம் வராமல், கதவோரமே நின்று அதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே போடுங்கப்பா. அது ஒண்ணாவது பிழைக்கட்டும்."